கோப்புத் தொடுப்புகளின் வரலாறு: நிகழ்த்துகைகள் கணினி மாறும்போது

நிகழ்த்துகைக் கோப்புத் தொடுப்பு என்பது, பவர்பாயிண்ட் போன்ற மென்பொருளில் உருவாக்கிய ஒரு கோப்பிலிருந்து வேறொரு நிகழ்த்துகையையோ, ஒலி, காணொளி, விரிதாள் போன்றவற்றையோ திறப்பதற்காக வைக்கப்படும் குறிப்பு ஆகும். தொடுப்பு வைத்த கோப்பினுள் மற்றக் கோப்பின் உள்ளடக்கம் இருப்பதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. இதனால், உருவாக்கிய கணினியில் நன்கு இயங்கிய தொடுப்பு, வகுப்பறையிலோ கருத்தரங்கக் கூடத்திலோ உள்ள வேறு கணினியில் செயலிழந்து போகிறது. ஆசிரியர் பத்துப் பாடங்களை ஒரே முகப்புக் கோப்பிலிருந்து திறக்கும்படி அமைத்திருக்கலாம். ஆய்வு மாணவர் தன் வாய்மொழித் தேர்வுக்காக அளவீட்டு அட்டவணையை இணைத்திருக்கலாம். கூடியிருப்போர் முன்னிலையில் "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற செய்தி வரும்போது, முகவரி தவறியது என்பதை அறியாமல் கோப்பே கெட்டுவிட்டது என்று பலரும் நினைக்கின்றனர்.

இச்சிக்கல் ஒரு மென்பொருளின் குறைபாடு மட்டுமன்று. கணினிகள் கோப்புகளுக்குப் பெயரிட்ட முறை, சேமிப்பு ஊடகங்கள் மாறிய விதம், எழுத்துகளைக் குறியேற்றிய முறை ஆகிய மூன்றின் வரலாறும் இதில் கலந்துள்ளன.

தொடுப்பு என்ற கருத்தின் தோற்றம்

ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்திற்கு நேரடியாகத் தாவ முடியும் என்ற எண்ணம் மின்னணுக் கணினிகள் பரவுவதற்கு முன்பே தோன்றியது. அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் மாத இதழில் எழுதிய கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்ற கற்பனைக் கருவியை விவரித்தார். நுண்படச் சுருள்களில் சேமித்த நூல்களையும் குறிப்புகளையும் படிப்பவரே ஒன்றோடொன்று பிணைத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவரது திட்டம். 1965 இல் டெட் நெல்சன் இத்தகைய பிணைந்த எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்று பெயர் சூட்டினார். தமிழில் இது மீயுரை எனப்படுகிறது. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய செயல்விளக்கத்தில், சுட்டெலியால் சொடுக்கி ஆவணங்களுக்கிடையே தாவுவதைக் கூட்டத்தினருக்கு நேரில் காட்டினார்.

இம்முன்னோடிகளின் திட்டங்களில் ஒரு பொதுவான எண்ணம் இருந்தது. பிணைக்கப்பட்ட ஆவணங்கள் அனைத்தும் ஒரே அமைப்பினுள் இருக்கும் என்பதே அது. புஷ்ஷின் மேசையோ எங்கெல்பார்ட்டின் கணினியோ தன்னிடம் உள்ள எல்லாவற்றின் இடத்தையும் அறியும். கோப்பைத் தனியே எடுத்துக்கொண்டு வேறொருவரின் கணினிக்குச் செல்லும் வழக்கம் பின்னர்தான் வந்தது. சிக்கலும் அதனோடு வந்தது.

கோப்பின் முகவரி: மரமும் பாதையும்

இன்றைய கோப்புறை அமைப்பின் மூலம் 1960களில் உள்ளது. மல்டிக்ஸ் இயங்குதளத்திற்காக டேலி, நியூமன் ஆகிய இருவர் 1965 இல் வெளியிட்ட ஆய்வுரை, கோப்புகளை ஒரு மரத்தின் கிளைகள் போல அடுக்கும் முறையை விவரித்தது. வேரில் தொடங்கிக் கிளை கிளையாகச் சென்றால் எந்தக் கோப்பையும் அடையலாம். அப்படிச் செல்லும் வழியை எழுத்தில் குறிப்பதே 'பாதை'. பின்னர் வந்த யூனிக்ஸ் இம்முறையை எளிமையாக்கி, கோப்புறைகளின் பெயர்களுக்கு இடையே சாய்கோட்டை வைத்தது.

பாதையை இருவகையாக எழுதலாம். வேரில் தொடங்கி எழுதுவது முழுப்பாதை. இப்போது இருக்கும் இடத்திலிருந்து எழுதுவது சார்புப்பாதை. மதுரையில் ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது ஊர், தெரு, கதவு எண் என அனைத்தையும் சொல்வது முதல் வகை. "இதே தெருவில் மூன்றாவது வீடு" என்பது இரண்டாம் வகை. தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் அப்படியே வேறு ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடிந்தால், இரண்டாவது குறிப்பு மட்டுமே அங்கும் பொருந்தும். கோப்புகளை அப்படிப் பெயர்க்க முடியும் என்பதால்தான் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

தனிநபர் கணினியில் இவ்வமைப்பு சற்று வேறுவிதமாக வந்தது. 1970களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் ஒவ்வொரு வட்டியக்கிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்தது. 1981 இல் வந்த எம்எஸ்-டாஸ் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஏ, பி என்பன நெகிழ்வட்டுகளுக்கு வழங்கின. 1983 இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டுடன் எக்ஸ்டி கணினியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 கோப்புறைகளை அறிமுகப்படுத்தியது. சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கப் பயன்பட்டு வந்ததால், பாதையை எழுத எதிர்ச்சாய்கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. சி:\பாடங்கள்\ஒளியியல் என்பது போன்ற முகவரி இவ்வாறு உருவானது. ஆப்பிளின் பழைய மேக் கணினிகளோ கோப்புறைகளைப் பிரிக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தின. ஒரே கோப்புக்கு மூன்று இயங்குதளங்களில் மூன்று வகை முகவரிகள் அமைந்தன.

இயக்கி எழுத்து முழுப்பாதையின் முதல் உறுப்பு. அந்த எழுத்து கோப்புக்கு உரியதன்று. அக்கணினி அந்நேரத்தில் அந்த வட்டுக்குத் தந்த அடையாளமே. பிற்காலத்தில் அறுந்த தொடுப்புகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாயிற்று.

ஒளிபுகு தாளிலிருந்து திரைக்கு

பவர்பாயிண்ட் 1987 ஏப்ரல் 20 அன்று மேக் கணினிக்காக வெளியானது. ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் அதை உருவாக்கினர். முதலில் அதற்கு 'பிரசன்டர்' என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990 இல் வந்தது.

முதல் பதிப்பின் பயன்பாடு இன்றைய நிலையிலிருந்து வேறானது. அது கறுப்பு வெள்ளைப் பக்கங்களை அச்சிட உதவியது. அவற்றை ஒளிபுகு தாள்களில் நகலெடுத்து மேல்நிலை எறிவியில் காட்டினர். 1988 இல் வந்த இரண்டாம் பதிப்பு வண்ண 35 மில்லிமீட்டர் ஸ்லைடுகளைத் தயாரிக்க வழிசெய்தது. பேச்சாளர் எடுத்துச்சென்றது தாளும் படச்சுருளுமே. கோப்பு அலுவலகக் கணினியிலேயே இருந்தது. எனவே வேறு கணினியில் தொடுப்பு இயங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1992 இல் வெளியான மூன்றாம் பதிப்பு கணினியிலிருந்து நேரடியாக எறிவிக்குப் படத்தை அனுப்ப உதவியது. அதன்பின் நிகழ்த்துகை என்பது அச்சிட்ட பொருள் என்ற நிலை மாறி, இயங்கும் கோப்பாயிற்று. அக்கோப்பு நெகிழ்வட்டில் ஏறி, ஊர் ஊராகப் பயணம் செய்யத் தொடங்கியது.

இணைத்தலும் பதித்தலும்

ஒரு மென்பொருளின் விவரத்தை மற்றொன்றினுள் காட்டுவதற்காக மைக்ரோசாப்ட் 1990 இல் ஓஎல்இ என்ற தொழில்நுட்பத்தை வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 1993 இல் வந்தது. பெயரிலேயே உள்ளபடி, அது இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, விரிதாளின் நகலை நிகழ்த்துகைக்குள்ளேயே வைத்துவிடுவது. இது பதித்தல். மற்றொன்று, விரிதாள் இருக்கும் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு, தேவையானபோது அங்கிருந்து புதிய எண்களை எடுத்துக்கொள்வது. இது இணைத்தல்.

இரண்டிலும் ஓர் இழப்பு உண்டு. பதித்தால் கோப்பு பெரிதாகும். மூலத்தில் செய்யும் திருத்தம் நகலுக்கு வராது. இணைத்தால் கோப்பு சிறியதாகவும் எண்கள் புதியனவாகவும் இருக்கும்; ஆனால் மூலத்தைப் பிரிந்தால் புதுப்பிக்க இயலாது. 3.5 அங்குல நெகிழ்வட்டில் 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் என்ற காலத்தில் பலரும் இணைத்தலை நாடியது இயல்பே. இட நெருக்கடி தீர்ந்த பின்னும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது.

ஓஎல்இ இணைப்புகள் பொதுவாக முழுப்பாதையைச் சேமிப்பவை. மூலமும் நிகழ்த்துகையும் ஒரே கோப்புறையில் இருந்தாலும், இணைப்பில் இயக்கி எழுத்து முதல் அனைத்தும் பதிவாகும். ஒலி, காணொளிக் கோப்புகளுக்கான தொடுப்புகளின் நிலை வேறு. அவை நிகழ்த்துகை சேமிக்கப்பட்ட அதே கோப்புறையில் முன்கூட்டியே இருந்தால், பவர்பாயிண்ட் கோப்பின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும். பெயர் மட்டும் உள்ள தொடுப்பு கோப்புறையோடு எங்கும் செல்லும். தொடுப்பு வைக்கும் முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்தே பிறந்தது.

மூட்டை கட்டும் கருவிகள்

மீத்தொடுப்புகள் பவர்பாயிண்ட் 97 இல் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. இணையம் பரவிய காலம் அது. 1989 இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த வலைத் திட்டம், சொடுக்கினால் தாவும் பழக்கத்தை மக்களிடம் கொண்டுசேர்த்திருந்தது. வலை முகவரிகளுக்கான விதிகள் 1994 இலும், சார்பு முகவரிகளுக்கான விதிகள் 1995 இலும் ஆவணப்படுத்தப்பட்டன. வலைத்தளம் அமைப்போர் சார்பு முகவரியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். ஆனால் பவர்பாயிண்டில் முகவரியைப் பயனர் எழுதுவதில்லை. உரையாடல் பெட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுக்கிறார். உள்ளே பதிவானது முழுப்பாதையா சார்புப்பாதையா என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மென்பொருளாளர்கள் இதற்குத் தந்த விடை, எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டுவது. 1990களின் பதிப்புகளில் 'பேக் அண்ட் கோ' என்ற வழிகாட்டி இருந்தது. அது நிகழ்த்துகையையும் இணைத்த கோப்புகளையும் சுருக்கி, தேவைப்பட்டால் பல நெகிழ்வட்டுகளில் பிரித்து வைத்தது. பவர்பாயிண்ட் 2003 இல் அதற்குப் பதிலாகக் குறுவட்டுக்கான 'பேக்கேஜ் ஃபார் சிடி' வசதி வந்தது. அது தொடுப்புள்ள கோப்புகளை ஒரே கோப்புறையில் நகலெடுத்து, பவர்பாயிண்ட் இல்லாத கணினியிலும் காட்டுவதற்கான பார்வை மென்பொருளையும் சேர்த்து வைத்தது. அந்தப் பார்வை மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2018 இல் நிறுத்திக்கொண்டது.

2010 பதிப்பு காணொளிக் கோப்புகளை இயல்பாகவே நிகழ்த்துகைக்குள் பதிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்புகளில் காணொளி எப்போதும் வெளியே இருந்தது. ஒலியிலும் சிறிய அலைவடிவக் கோப்புகள் மட்டுமே இயல்பாக உள்ளே சென்றன. விரலி நினைவகங்களின் கொள்ளளவு பெருகியதால் பதித்தலின் விலை குறைந்தது. காணொளிச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. ஒரு நிகழ்த்துகையிலிருந்து மற்றொரு நிகழ்த்துகையைத் திறக்கும் தொடுப்புகளும் விரிதாள் இணைப்புகளும் அப்படியே இருந்தன.

தொடுப்பு அறுபடும் வழிகள்

முதலாவது, இயக்கி எழுத்து. விரலி நினைவகம் வீட்டுக் கணினியில் ஈ: என்றும், கல்லூரிக் கணினியில் ஜி: என்றும் தோன்றலாம். இரண்டாவது, பயனர் பெயர். விண்டோஸ் எக்ஸ்பி பயனரின் ஆவணங்களை 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற கோப்புறையின் கீழ் வைத்தது. அடுத்து வந்த விஸ்டா அதை 'யூசர்ஸ்' என மாற்றியது. எந்தப் பெயராயினும், அதனடியில் பயனரின் பெயர் வருகிறது. எனவே முழுப்பாதை ஒரு தனிநபரின் கணினிக்கே உரியதாகிவிடுகிறது. தேவையற்ற தகவல் வெளியே கசியவும் இது வழியாகிறது. மூன்றாவது, அலுவலக வலையமைப்பு. பொதுக் கோப்புறைக்கு ஒருவர் இசட்: என எழுத்துக் கொடுத்திருப்பார், மற்றொருவர் ஒய்: எனக் கொடுத்திருப்பார்.

நான்காவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸ் ஆங்கிலப் பெயர்களில் இதைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவிய கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தால், ஒன்றில் திறக்கும் கோப்பு மற்றதில் திறக்காமல் போகலாம். லினக்ஸில் இயக்கி எழுத்தே கிடையாது.

ஐந்தாவது வழி கண்ணில் படாதது. மின்னஞ்சல் இணைப்பாகவோ சிப் பொதிக்குள்ளோ உள்ள நிகழ்த்துகையை நேரடியாகச் சொடுக்கினால், கணினி அந்த ஒரு கோப்பை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் எடுத்து வைத்துத் திறக்கிறது. உடன் இருந்த கோப்புகள் அங்கே வருவதில்லை. சார்புப்பாதையில் சரியாக அமைத்த தொடுப்பும் இங்கே அறுந்துவிடும். பொதியை முழுமையாகப் பிரித்த பின்பே திறக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இது.

இவை எல்லாவற்றிலும் கெடுதலானது, தொடுப்பு அறுபடாமல் தவறான கோப்பைத் திறப்பது. ஒருவர் தன் கோப்புறையை விரலி நினைவகத்திற்கு நகலெடுத்து, அதே கணினியில் சோதித்தால், முழுப்பாதைத் தொடுப்பு வன்வட்டில் உள்ள மூலத்தையே திறக்கும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அந்நிலையில் செய்யும் திருத்தங்களும் மூலத்திலேயே சேரும். விரலியில் உள்ள நகல் பழையதாகவே இருக்கும். கூடத்தில் காட்டப்படுவது திருத்தாத எண்களாக இருந்தாலும், அதை உணர்த்த எந்த எச்சரிக்கையும் வராது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

டாஸ் காலத்தில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளுக்கும், அதன் வகைக்குறி மூன்று எழுத்துகளுக்கும் மிகாமல் இருக்க வேண்டும். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. ஆனால் தமிழ் அப்போது டிஸ்கி போன்ற 8-பிட் குறியேற்றங்களிலும் தனித்தனி எழுத்துருக் குறியேற்றங்களிலும் எழுதப்பட்டது. 1999 இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. ஓர் எழுத்துருவில் தட்டிய ஸ்லைடு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. எழுத்துருவும் ஒருவகையில் கோப்பிற்கு வெளியே உள்ள தொடுப்புதான் என்பதை அக்காலத் தமிழ்ப் பயனர்கள் பிறரைவிட நன்கு அறிந்திருந்தனர். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைத் தந்த பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது.

ஒருங்குறியிலும் ஒரு நுட்பமான சிக்கல் எஞ்சியது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களின் குறியை இருவகையாகச் சேமிக்கலாம். 'கோ' என்பதைக் ககரம், ஓகாரக்குறி என இரண்டு குறியெண்களாக வைக்கலாம். அல்லது ககரம், ஏகாரக்குறி, கால் என மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியும். 'கோப்பு' என்ற சொல் முதல் முறையில் 6 குறியெண்கள். இரண்டாம் முறையில் 7. ஆப்பிள் 1998 இல் அறிமுகப்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்த வடிவிலேயே வைத்துக்கொள்கின்றன. எனவே மேக் வழியாகச் சென்றுவந்த தமிழ்ப் பெயர், பார்வைக்கு மாறாமல் இருந்தும், தொடுப்பில் உள்ள பெயருடன் பொருந்தாமல் போகலாம். 2017 இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் முறைமை தந்த வடிவைக் காத்து, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது.

நீளமும் கவனிக்கத்தக்கது. விண்டோஸில் முழுப்பாதைக்கு நெடுங்காலமாக இருந்த எல்லை 260 குறிகள். 'கோப்பு' நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினியின் கணக்கில் ஆறு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் எல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு பிடிப்பதால் 85 குறியெண்களோடு இடம் முடிந்துவிடும். சிப் பொதி வடிவத்தின் விவரக்குறிப்பிலும் ஒருங்குறிப் பெயர்களுக்கான வழி 2006 இல்தான் சேர்ந்தது. அதனால் பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்தன. தொடுப்புள்ள கோப்புகளுக்குக் குறுகிய ஆங்கிலப் பெயரிடும் வழக்கத்திற்குப் பின்னால் இக்காரணங்கள் உள்ளன.

இடத்தால் அன்றி அடையாளத்தால் தேடுதல்

கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பதற்குப் பதிலாக, எது அந்தக் கோப்பு என்று குறித்தால் என்ன? இந்த எண்ணமும் பழையதே. 1991 இல் ஆப்பிளின் சிஸ்டம் 7 அறிமுகப்படுத்திய 'ஏலியஸ்' குறுக்குவழி, கோப்பின் அடையாள எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டது. கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றினாலும் அது கண்டுபிடித்தது. விண்டோஸ் 2000 இல் என்டிஎஃப்எஸ் வட்டுகளில் தொடுப்புகளைப் பின்தொடரும் சேவை இதேபோன்று செயல்பட்டது. ஆனால் அந்த எண்கள் அந்தந்த வட்டு அல்லது வலையமைப்புக்குள் மட்டுமே பொருளுள்ளவை. நகல் வேறு கணினிக்குச் சென்றதும் அதற்குப் புதிய அடையாளம் கிடைத்துவிடும்.

மேகக்கணிமை இந்த எண்ணத்திற்கு மறுவாழ்வு தந்தது. 2007 செப்டம்பரில் கூகுள் தன் இணையவழி அலுவலகத் தொகுப்பில் நிகழ்த்துகைகளைச் சேர்த்தது. அங்கே ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. பெயரையோ கோப்புறையையோ மாற்றினாலும் தொடுப்பு நிலைக்கிறது. கோப்பு பயணம் செய்யாமல் பார்ப்பவரே அதனிடம் செல்வதால், கணினி மாறும் சிக்கல் மறைகிறது. அதற்கு ஈடாக இணைய இணைப்பும், பார்க்கும் உரிமையும், சேவை தொடர்ந்து நடப்பதும் தேவையாகின்றன.

தொடுப்பும் பாதுகாப்பும்

வெளியே உள்ள கோப்பைத் தானாகத் திறக்கும் வசதி தாக்குதலுக்கும் பயன்பட்டது. 2014 அக்டோபரில் ஐசைட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'சாண்ட்வார்ம்' எனப் பெயரிட்ட குழுவின் செயலை வெளிப்படுத்தியது. உக்ரைன் அரசு அமைப்புகள் உள்ளிட்ட இலக்குகளுக்கு மின்னஞ்சலில் பவர்பாயிண்ட் கோப்புகள் அனுப்பப்பட்டன. அவற்றில் இருந்த ஓஎல்இ பொருள்கள், தொலைவில் உள்ள ஒரு வழங்கியின் பொதுக் கோப்புறைக்குத் தொடுப்பு கொண்டிருந்தன. நிகழ்த்துகையைத் திறந்தவுடன் அங்கிருந்து தீங்கு நிரல் இறங்கி நிறுவப்பட்டது. மைக்ரோசாப்ட் அக்டோபர் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அது போதாமல், நவம்பரில் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு, தொடுப்புகளைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கும் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது ஆபத்தானது என்பது தெளிவாயிற்று. தெரியாதவர் அனுப்பிய கோப்பில் அந்த எச்சரிக்கை வந்தால், அனுமதி மறுப்பதே பாதுகாப்பு.

கோப்பைத் திறந்து பார்த்தால்

2006 இல் எக்மா தரமாகவும் 2008 இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்ட ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல், தொடுப்புகளை வெளிப்படையாக்கியது. இவ்வடிவில் உள்ள பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் உறவுக் கோப்பு உள்ளே இருக்கிறது. அந்த ஸ்லைடு எந்தப் படத்தை, எந்த ஒலியை, எந்த வெளிக்கோப்பைக் குறிக்கிறது என்பது அதில் சாதாரண எழுத்தில் பட்டியலிடப்படுகிறது. வெளியே உள்ளவை 'வெளி' எனக் குறியிடப்பட்டிருக்கும். பழைய இருமக் கோப்புகளில் எளிதில் காண முடியாத முகவரி, இப்போது எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடியதாக உள்ளது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் இடம்பெற்ற ஓபன் ஆபீஸ் இம்ப்ரஸ் மென்பொருளிலும், அதன் வழிவந்த லிப்ரே ஆபீஸிலும், முகவரிகளைச் சார்புப்பாதையாகச் சேமிக்க வேண்டுமா என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு.

நடைமுறையில் பின்பற்றத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் வழிமுறை எளிதானது. முதலில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, நிகழ்த்துகையை அதில் சேமிக்க வேண்டும். தொடுப்புக்குரிய எல்லாக் கோப்புகளையும் அதே கோப்புறைக்கு நகலெடுத்த பின்பே தொடுப்பு வைக்க வேண்டும். இடைவெளி இல்லாத குறுகிய பெயர்கள் நல்லவை. ஏற்கெனவே வேறிடத்திலிருந்து வைத்த தொடுப்புகளை நீக்கி, புதிய இடத்திலிருந்து மீண்டும் வைக்க வேண்டும். விரிதாள் இணைப்புகளை, கோப்புப் பட்டியின் தகவல் பக்கத்தில் உள்ள இணைப்புகளைத் திருத்தும் கட்டளையால் சரிபார்க்கலாம். எண்கள் இனி மாறாது எனில் இணைப்பைத் துண்டித்து நிலையான அட்டவணையாக்குவது நல்லது.

எடுத்துச் செல்லும்போது கோப்பை மட்டுமன்றிக் கோப்புறை முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும். சோதிப்பதற்கு வேறு கணினி கிடைக்காவிட்டால், மூலக் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, விரலியில் உள்ள நகலைத் திறந்து ஒவ்வொரு தொடுப்பையும் சொடுக்கிப் பார்க்கலாம். முழுப்பாதையைக் கொண்ட தொடுப்புகள் அப்போது வெளிப்பட்டுவிடும்.

நிலைபேறு

தொடுப்பின் சிக்கல் ஒரு நாள் நிகழ்ச்சியோடு முடிவதில்லை. 1998 இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய குறிப்பு ஒன்று, நன்கு அமைத்த முகவரி மாறக்கூடாது என்றும், மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பமன்று, திட்டமின்மையே என்றும் வாதிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்தனர். அவற்றில் மேற்கோள் காட்டிய இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் குறித்த தகவலைத் தரவில்லை என்று கண்டனர். தீர்ப்புக்கு ஆதாரமாக நின்ற சான்று படிப்பவர் கைக்கு எட்டாமல் போயிருந்தது.

நிகழ்த்துகைகளுக்கும் இதே நிலை உண்டு. கல்லூரிகளின் சேமிப்பகங்களிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் குறுவட்டுகளிலும் உள்ள பழைய பாடக் கோப்புகளில், தலைப்புகள் இருக்கின்றன. அவை சுட்டிய களப்பதிவும் அட்டவணையும் வேறு கணினியின் சி: வட்டில் தங்கி, அக்கணினியோடு மறைந்துவிட்டன. பாடத்தைத் தொகுப்பவர் கோப்புறையை முழுமையாகக் காத்து வைத்தால், அடுத்த தலைமுறை மாணவரும் அதே தொடுப்பைச் சொடுக்கி அதே சான்றைக் காண முடியும்.